நாகலூர் வாக்காளர்

"சார், இந்த ஓட்டை நான் சேலஞ்ச் பண்றேன்!"

நாகலூர் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் தன் பெயர் வாசிக்கப்பட்டதும் மேசையை நெருங்கிய கோகிலா திடுக்கிட்டு நின்றாள். ஏஜென்ட்டுகள் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய கண்கள்... கண் என்னவோ நல்லாத்தான் இருக்கு, பார்வைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"லிஸ்ட்டுல இருக்கற படம் சின்னப் புள்ளையாட்ட இருக்குதுங்க சார். இது வேற ஆளுங்க."

"ஏனுங்க, பதினெட்டு வயசுல எடுத்த படமுங்க. அதுக்கப்புறம் நான் வளரக்கூடாதுங்களா?"

வரிசையே சிரித்தது. அவன் பெயர் மாதேஷ், கிளியூர்க்காரன். உள்ளூர் ஏஜென்ட்டுக்குக் காய்ச்சல் என்று கட்சி அவனை அன்று காலையில்தான் அனுப்பியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கோகிலாவைத் தெரியாத ஒரே ஆள் அந்த அறையில் அவன்தான். மற்றக் கட்சி ஏஜென்ட்டுகளே "நம்மூருப் புள்ளைங்க" என்று சாட்சி சொல்ல, அதிகாரி சேலஞ்சைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மாலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிழற்குடையில் அவள் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம்...

"மன்னிச்சுக்கோங்க. அவசரப்பட்டுட்டேனுங்க."

"உட்டுத் தள்ளுங்க. ஆனா என்ற ஓட்டு மேல மட்டும் கைய வெக்காதீங்க. அடுத்த ஊராட்சித் தேர்தல்ல நான் வார்டு மெம்பருக்கு நிக்கோணும். இந்த ஊர்ல ஓட்டிருந்தாத்தான் நிக்க முடியும்."

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் ஒரு தெருவிளக்குக்காக அவள் எத்தனையோ மனுக் கொடுத்து அலுத்தவள். இனி கேட்பதில்லை, மெம்பராகவே போய் உட்காருவது என்று முடிவு கட்டி, தேர்தல் ஆபீஸ் பேசும் இங்கிலீஷை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள். அவன் சோதித்துப் பார்த்தான்.

"நாமினேஷன் எனக்கும் தெரியுமுங்க. ஸ்க்ரூட்டினின்னா?"

"மனுவ நுணுக்கி நுணுக்கிப் பாக்கறது. நீங்க காத்தால என் மூஞ்சியப் பாத்தாப்ல."

மாதேஷ் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அந்தக் கண்கள்... கோகிலா சட்டென்று மழையைப் பார்த்தாள்.

அவன் மிளகு வியாபாரி. அதன்பிறகு மிளகு வாங்க நாகலூருக்கு ஓயாமல் வந்தான். இந்த ஊரில் அவ்வளவு மிளகா விளைகிறது என்று கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். கோகிலாவும் பஸ் சத்தம் கேட்டால் எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

ஒருநாள் அவனையும் கூட்டிக்கொண்டு அவன் அப்பா அங்கப்பன் பெண் பார்க்க வந்தார். எல்லாம் கூடி வந்தது. எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சதும் ஓட்டக் கிளியூருக்கு மாத்திரோணும் கண்ணு. மருமவ ஓட்டு மாமியா ஊட்டுல இருக்கறதுதானே மொற?"

கோகிலா மாதேஷைப் பார்த்தாள். அவன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பச் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவனும் வேண்டும், வார்டும் வேண்டும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று யார் எழுதி வைத்தது? ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே அவன்... அந்த வீம்பில் அவன் போன் வந்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்தாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இங்க கடைவீதியில ஊடு புடிச்சுக் குடி வந்து நாளாச்சுங்க. ஓட்டையும் நாகலூருக்கு மாத்திட்டேன். நேத்துத்தான் பேரு ஏறுச்சு. அன்னிக்கே வாயத் தொறந்திருக்கோணும்... தப்புத்தான்."

கோகிலா எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"உங்கப்பா?"

"பொண்ணு ஊர்ல போய்க் குடியிருக்கறவன் வெக்கங்கெட்டவன்னாரு. நொம்பச் சரி, இருந்துட்டுப் போறேன்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப... உங்க ஓட்டு எனக்குத்தானுங்களா?"

"அது ரகசியமுங்க, வெளிய சொல்லப்படாது." முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "மனசு யாருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

"கேக்க மாட்டேன். எனக்கும் உங்களத்தான் புடிச்சிருக்கு... நீங்க இல்லாம இத்தன நாளும் ஒண்ணுமே ஓடலீங்க." சொல்லிவிட்டு, சிவந்த முகத்தோடு கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க, நனையறீங்க பாருங்க."