பண்பு-3 கிடைக்கவில்லை

கணினித் திரையில் குரலியின் படத்தைத் தொட்டால் அது ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு மறைந்தது. ஜெசிந்தா பதினோராவது தடவையாகத் தொட்டாள். துள்ளியது, மறைந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த பட்டையில் விளக்குகூட எரியவில்லை.

மணி பன்னிரண்டு. நான்கு மணிக்கு ஊர்க்கூட்டம். அங்கே அவள் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்: இல்லை. அதைச் சொல்லத்தான் தொண்டை கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைப் புற்றுநோய்க்குக் கொடுத்தாயிற்று.

குரலி வந்ததே அவளைப் போன்றவர்களுக்காகத்தான். உதட்டை அசைத்தால் போதும். கழுத்துப் பட்டை தசையைப் படித்து, சொல்லாக ஒலிக்கும். ஆனால் நல்ல பொருள் நோயாளியோடு நிற்குமா? இஞ்சின் இரைச்சலிலும் கடற்காற்றிலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன புனல்பட்டினத்துக்காரர்கள் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். தன் குரலே எதிரொலித்துக் குழப்பக்கூடாது என்பதற்காக, காதில் ஒரு மொட்டு. அது பட்டையின் ஒலியை மறைத்து, உதட்டில் இருந்த சொல்லை மட்டும் பேசுகிறவருக்குத் திருப்பிச் சொல்லும். ஐந்து வருஷமாக ஊரில் ஒரு சண்டை இல்லை. இந்த ஊருக்கு என்ன குணம் என்று பங்குச்சாமியார் பிரசங்கமே வைத்தார்.

கரை விஷயம் என்றால் அங்கே ஒரு முறை உண்டு. மூன்று கூட்டத்தில் மூன்று தடவை கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு வாய். எழுதிக் கொடுத்தால் செல்லாது, கை தூக்கினால் செல்லாது. ஒரே ஒரு வாய் இல்லை என்று சொன்னாலும் பேச்சு அதோடு விழுந்துவிடும். படகு இழுத்துப் போடும் கரையைக் கப்பல்தளக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. இரண்டு தடவையும் ஜெசிந்தா இல்லை என்றாள். இரண்டு தடவையும் தலைவர் கஸ்பார் "எல்லாருக்கும் சம்மதம்" என்று முடித்துவிட்டார். அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். அந்த மனுஷன் கூச்சமே இல்லாமல் முறுக்கு கொடுத்து அனுப்பிவைத்தார். இன்றைக்கு விட்டால் கரை போயிற்று.

ஊரின் குரலிகளைப் பராமரிப்பதும் அவள்தான். எல்லாம் லினக்ஸில் ஓடுபவை. புது மேம்படுத்தல் வந்தால் முதலில் தன் குரலியில் ஏற்றிக்கொள்வாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அது தானாக ஊர் முழுவதற்கும் போய்விடும். நேற்று ஏற்றியதுதான் இன்றைக்கு இந்தக் கூத்து.

அவள் விடுகிற ஆள் இல்லை. கணினியை அணைத்துப் போட்டாள். லினக்ஸின் பழைய கருநிரலில், அதாவது கெர்னலில், ஏற்றிப் பார்த்தாள். குரலியை அகற்றிவிட்டு மறுபடி நிறுவினாள். ஒன்றும் நடக்கவில்லை. படத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் காரணம் தெரியாது என்று புத்தியில் உறைத்ததும் கட்டளை அடிக்கும் முனையத்தைத் திறந்து, நிரலின் பெயரை அடித்து ஓடவிட்டாள். கருப்புத் திரையில் ஒரே வரி வந்தது.

'துணைநிரல் பண்பு-3 கிடைக்கவில்லை. நிறுத்தப்படுகிறது.'

தேடினாள். குரலிக்குள் ஓடும் சின்ன உதவி நிரல் அது; எழுதியவர்கள் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கேட்பாரற்றதைப் புது மேம்படுத்தல் கூட்டித் தள்ளியிருக்கிறது. அது என்ன வேலை செய்தது என்பதற்கு எங்கும் ஒரு குறிப்பு இல்லை. பழைய பிரதி வலையில் கிடைக்கவில்லை. ஊரில் யாரிடமாவது நகலெடுக்கலாம் என்றால் எல்லாரும் கடலில்.

சரி, போ என்று அதே பெயரில் ஒரு வெற்றுத் துணைநிரல் எழுதினாள். உள்ளே வருவதை அப்படியே வெளியே அனுப்பும், அவ்வளவுதான். மூன்று தடவை தப்பாக வந்தது. நான்காவது தடவை பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் சூசை ஈர வலையோடு நடுவீட்டுக்குள் வந்தார்.

"ஈர வலைய உள்ள கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதது? வீடா இது, குடோனா?"

சூசை வலையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார். "நீ எப்பளா சொன்ன? 'பரவால்ல, வைங்க'ன்னுதான தெனமும் சொல்லுவ?"

ஜெசிந்தா கணினிப் பக்கம் திரும்பினாள். குரலியின் பதிவேட்டைத் திறந்தாள். அதில் இரண்டு பத்திகள், உதடு என்று ஒன்று, ஒலி என்று ஒன்று. இத்தனை நாள் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. போன மாதக் கூட்டத்துக்குப் போனாள்.

உதடு: கரையைக் குடுக்க எனக்குச் சம்மதமில்ல.

ஒலி: எல்லாருக்கும் நல்லதுன்னா எனக்கும் சம்மதந்தான்.

அடுத்த நாள், கஸ்பார் வீடு. உதடு: வெக்கமா இல்லையா ஒமக்கு? ஒலி: ஒங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க.

முறுக்குக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

நான்கு மணிக்கு மண்டபத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். கம்பெனி தரும் வேலை, வீடு எல்லாவற்றையும் கஸ்பார் வாசித்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜெசிந்தா தானாகவே எழுந்தாள்.

"எனக்குச் சம்மதமில்ல. மொத நாளும் இல்லைன்னேன், ரெண்டாம் நாளும் இல்லைன்னேன். நம்ம பட்டைக்குள்ள இருந்த 'பண்பு'ன்னு ஒண்ணுதான் அத மாத்திச் சொல்லியிருக்கு. கரை போனா படக எங்க போடுவீங்க, ஒங்க மடியிலயா?"

மண்டபம் முகம் சுளித்தது. இப்படி ஒரு பேச்சைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகிறதே. கஸ்பார் இரக்கத்தோடு கை அமர்த்தினார். அவர் உதடு வேறு எதையோ சொல்வதுபோல் இருந்தது. ஆனால் உதட்டை யார் பார்க்கிறார்கள்?

"நம்ம ஜெசிந்தா மைனிக்கு மிஷின் கோளாறு. அப்டேட்ல என்னமோ ஆயிருக்கு, பாவம். மைனி இப்பிடிப் பேசுற ஆளா? முன்ன ரெண்டு தடவ சொன்ன சம்மதமே நிக்கட்டும்."

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம். மேம்படுத்தலை நிறுத்த வேண்டும் என்றால் கையோடு கொண்டுவந்திருந்த கைப்பலகைக் கணினியில் ஒரு வரி அடித்தால் போதும். கோளாறு என்று தெரிந்தால் நிறுத்துவதுதான் அவள் வேலையும்கூட. கைப்பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

"பத்து நிமிசம் பொறுங்க. அஞ்சு மணிக்கு எல்லாரையும் ஒருக்க கேளுங்க. அப்பவும் சம்மதம்னா நான் வாயத் தொறக்கல."

பண்பான ஊர் அல்லவா, பொறுத்தது.

ஐந்து மணிக்கு முப்பத்தோரு பட்டைகளிலும் விளக்கு அணைந்தது. கஸ்பார் வாயசைத்தார், ஒன்றும் வரவில்லை. பட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, தனக்கும் ஒரு தொண்டை உண்டு என்பது ஞாபகம் வந்து, இருமினார், செருமினார். கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"கரையக் குடுக்கச் சம்மதமா?"

முதல் வரிசை லூர்தம்மாள் எழுந்தாள். "இல்லைன்னு ரெண்டு தடவ சொல்லியாச்சு. ஒமக்குக் காது கேக்காதாவே?"

"நானுந்தான் இல்லைன்னேன்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எவன் கேட்டான்?"

"நானும்."

"நானும்."

இருபத்தாறு வீடுகள். கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே இஷ்டமில்ல. நீங்கல்லாம் சம்மதம்னீங்களேன்னுதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கரை தப்பியது. அதோடு நின்றதா? ஐந்து வருஷம் உதட்டிலேயே நின்றுபோன அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. யார் வலையை யார் அறுத்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை என்று ஆறு மணி வரைக்கும் மண்டபம் இரைந்தது. இரண்டு நாற்காலி உடைந்தது.

பிறகு ஒவ்வொருவராக, கழற்றிய பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவின் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தார். லூர்தம்மாள் சொன்னதையே, ஆளை மட்டும் மாற்றி, மற்றவர்களும் சொன்னார்கள்: "எனக்கு அந்தப் பண்பு இல்லாமப் போடு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எங்கயாவது தேடிப் புடிச்சுப் போட்டிரு."

கடைசியில், இரைச்சல் கேட்டு வீட்டிலிருந்து வந்த சூசை நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எனக்கு அது வேண்டாம்ளா. ஒனக்கு மட்டும் பழையபடி..."

"இல்லை," என்றாள் ஜெசிந்தா.

அது அவருக்கு அப்படியே கேட்டது. சூசை வீட்டுக்குப் போய், ஈர வலையை எடுத்து வெளியே போட்டார்.