நூமாவுக்கு மூன்று தட்டல்

காலை பத்து மணிக்கு எர்மீனின் சமையலறையில் சோம்பு வாசனை அடித்தது.

அடிக்க நியாயமே இல்லை. அடுப்பில் வெங்காய சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது, சன்னல் வழியே ஏப்ரல் மாதத்து ஈர மண்ணும் பக்கத்து மரஅறுவை ஆலையின் தூளும் மணத்தன, புகை ஏறிய சுவர்களில் என்றைக்கும் போகாத பாலாடைக்கட்டி நெடி இருந்தது; இத்தனைக்கும் அடியில், மெல்ல, இனிப்பாக, நாக்கின் ஓரத்தில் கசப்பை விட்டுவிட்டு, சோம்பும் கசப்புச் செடியும் சேர்ந்து வெந்து ஆவியாகும் அந்த வாசனை. அந்த வீட்டில் அப்சிந்த் சாராயம் காய்ச்சி இருபத்து நான்கு வருஷம் ஆகிறது.

எர்மீன் யோசிக்கவில்லை. எழுபது வயதுக் கால்கள் தாமாகவே பின்வாசலுக்கு ஓடின. எருக்குழியின் மரமூடியை இழுத்துத் திறந்தாள். த்ராவேர் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்ட எவளும் அதைத்தான் செய்வாள். தொண்ணூற்றைந்து வருஷம் தடையில் இருந்த சரக்கு அது; காய்ச்சுகிற நாளில் எருக்குழியைத் திறந்துவிட்டால் சாணி நாற்றத்தில் சோம்பு அமுங்கிவிடும். ஊர் மூக்கைப் பொத்திக்கொள்ளும், கூடவே வாயையும் பொத்திக்கொள்ளும். ஆனால் மாடுகளை விற்றுப் பத்து வருஷமாயிற்று. குழியில் வெறும் மழைத்தண்ணீர்தான் கிடந்தது.

"அத்தை! என்ன கூத்து இது?" வாசற்படியில் நின்று கொராலி சிரித்தாள். எர்மீனின் செத்துப்போன புருஷன் நூமாவின் தங்கை மகள். "தடை போயி ஏழு வாரம் ஆச்சு. இனிமே யாருக்குப் பயந்து மூடியைத் திறக்கறீங்க?"

"உனக்கு வாசனை வரலையா?"

"உங்க வெங்காயம்தான் வருது. உள்ள வாங்க, தீயப்போகுது."

நகரத்து மதுக்கடை வேலையை உதறிவிட்டுப் போன மாதம்தான் வந்திருந்தாள் கொராலி. வரும்போதே பாட்டிலில் ஒட்டும் சீட்டை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அதில் தொப்பி வைத்த நூமாவின் படம், கீழே ஒரு வரி: 'குடித்தவனுக்கு மறைந்தவர்கள் தெரிவார்கள்.' படத்தில் இருந்தவனுக்கு வாழ்க்கைப்பட்ட உரிமையில் எர்மீன் முகம் சுளித்தபோது, "கதை இருந்தாத்தான் விக்கும் அத்தை" என்று முடித்துவிட்டாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று அவள் சமையலறைச் சுவரிலிருந்து பாத்திர அலமாரியை நகர்த்தியதைத்தான் எர்மீனால் பொறுக்க முடியவில்லை. அலமாரிக்குப் பின்னால் பூப்போட்ட சுவர்க்காகிதம், காகிதத்துக்குப் பின்னால் பலகைக் கதவு, கதவுக்குப் பின்னால் நூமா திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சின்ன அறை. கொராலி கத்தியால் காகிதத்தைக் கிழித்துக் கதவை வெளியே கொண்டுவந்திருந்தாள்.

"ஆபீசர் பதினோரு மணிக்கு வர்றாரு. உள்ள இருக்கற கொப்பரையைப் பார்த்தாத்தான் காய்ச்ச லைசென்ஸ். கதவு என்னடான்னா அசைய மாட்டேங்குது, உள்தாழ்ப்பாள் போட்ட மாதிரி."

"துருப்பிடிச்சிருக்கும்" என்றாள் எர்மீன்.

உள்ளே தாழ்ப்பாள் இருக்க வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தாழ்ப்பாள் உடைந்து தொங்கியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் அவள்.

பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே வழக்கம்தான். காய்ச்சுகிறவன் உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஒரு துளி ஆவியும் வெளியே போகாதபடி கதவிடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொள்வான். திருட்டுச் சாராயம் தேடும் வரிக்காரர்கள் வந்தால் பெண்டாட்டி காபி போட்டுக் கொடுத்து உட்காரவைப்பாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டினால், 'போய்ட்டாங்களா?' வெளியிலிருந்து மூன்று தட்டினால், 'போய்ட்டாங்க, வா.' மூன்று கேட்காமல் வீடே பற்றி எரிந்தாலும் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது. நூமா சொன்ன சொல் தவறாதவன், பாவி.

அது இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய நவம்பர். இரண்டு மணிக்கு வரிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு கிழவரும் ஓர் இளைஞனும். தேடவில்லை, துருவவில்லை, உட்கார்ந்தார்கள். இரண்டரைக்குச் சுவருக்குள் இரண்டு தட்டல். எர்மீன் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு. கைப்பிடி மில்லில் காபிக்கொட்டையைப் போட்டுக் கரகரவென்று சுற்றினாள். அகப்பட்டால் கொப்பரையும் போகும், அபராதத்தில் வீடும் போகும். இன்னும் ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று சுற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் தடவை மெதுவாகக் கேட்டது. நான்காம் தடவை ஒரு தட்டலும், பிறகு எதையோ தேய்க்கிற மாதிரி ஒரு சத்தமும். அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாவை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு அவர்கள் போனார்கள். அப்போதும் அவளுக்குச் சுவரில் தட்டக் கை எழவில்லை. நூமாவின் தம்பியைக் கூட்டிவந்து கடப்பாரையால் நெம்பினாள். நூமா கேஸ் அடுப்பை அணைத்திருந்தான். அணைப்பதற்குள் மூச்சுக்காற்று தீர்ந்திருந்தது. விரல்முட்டியில் தோல் இல்லை. இதயம் நின்றுவிட்டது, உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை என்று ஊருக்குச் சொன்னாள். ஈரத்துணிகளைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்தாள். கதவைச் சாத்தினாள், காகிதம் ஒட்டினாள், அலமாரியை வைத்தாள். அதற்குப் பிறகு கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டினால்கூட இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். மூன்று என்பது அந்த வீட்டில் இல்லை.

வந்த அதிகாரியின் பெயர் எக்கர். ஐம்பது வயது, வழித்த முகம், ஓயாத சிரிப்பு. நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார், சர்க்கரைக் கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார். அந்தத் தள்ளலை எர்மீன் முன்பு ஒருமுறை இதே மேசையில் பார்த்திருந்தாள்.

கொராலி அண்டை வீட்டுச் சரக்கை ஊற்றிக் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கண்ணாடி போலிருந்தது பால் போல வெளுத்தது.

"பைத்தியம் பிடிக்கும், பச்சைத் தேவதை வருவா, செத்தவங்க தெரிவாங்க, எல்லாம் கட்டுக்கதைம்மா" என்றார் எக்கர். "ஆய்வுக்கூடத்துல பார்த்தாச்சு. குடிச்சா போதை ஏறும், அவ்வளவுதான்."

"ஐயையோ, அதை வெளில சொல்லிராதீங்க சார். அந்தக் கதைக்காகத்தான் பாரிஸ்காரன் வர்றான்."

"நீங்க எடுத்துக்கலையா மேடம்?"

"நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல" என்றாள் எர்மீன்.

"அப்போ உங்களுக்கு ஒரு பேயும் தெரியாது!" மேசையில் அடித்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னைத் தெரியுதா? அந்த நவம்பர்ல வந்த சின்னப் பையன் நான்தான்."

எர்மீன் சூப்பைக் கிளறப் போனாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் மேடம், உங்க வீட்டுக்காரர் உள்ள காய்ச்சறாருன்னு. நவம்பர்ல, தரையெல்லாம் உறைஞ்சு கிடக்கறப்ப, எவனாவது எருக்குழியைத் திறப்பானா? எங்க பெரியவர் என் காதுல சொன்னாரு, தேடாதடா, உக்காரு, அரைமணியில இவளே எந்திரிச்சுப் போய்த் தட்டித் திறக்க வைப்பா, புருஷனாச்சேன்னு. நான் சொன்னேன், இந்த அம்மா திறக்க மாட்டாங்கன்னு. பந்தயம்! உங்க புண்ணியத்துல அன்னைக்கு ராத்திரி எனக்கு ஆத்துமீன் சாப்பாடு."

கொராலியின் கையில் இருந்த தண்ணீர்க் கூஜா அசையாமல் நின்றது. "திறக்கறதுன்னா... மாமா தட்டினாரா? அத்தை, சத்தமே வரலைன்னுதானே சொன்னீங்க?"

"நாலு தடவை" என்றார் எக்கர், மரியாதையாக. "நான் எண்ணினேன். ஆனா சாவார்னு யார் கண்டா? அவரே திறந்துக்கிட்டு வந்திருக்கலாம். வழக்கம்னா வழக்கம், என்ன செய்ய!"

இருபத்து நான்கு வருஷம் காத்த ரகசியம் கண்ணாடிக் கோப்பைகளுக்கு நடுவில் கிடந்தது. கொராலி அவளைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. ஆனால் எர்மீனுக்கு இப்போது அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எக்கர் எழுந்துவிட்டார். சுவரை நோக்கிப் போனார். சோம்பு வாசனை கெட்டியாகி நெஞ்சில் உட்கார்ந்தது.

"கதவு திறக்கலையா? இந்தப் பள்ளத்தாக்குல எல்லா வீட்டுக்கும் ஒரே சாவிதானே." விரலை மடக்கினார்.

"வேண்டாம்." எர்மீன் ஓடிப்போய் அவர் சட்டைக்கையைப் பிடித்தாள். "வேண்டாம் சார். கால்ல விழறேன். தட்டாதீங்க."

"ஏன் மேடம்? இப்போ சட்டப்படியே வெளில வரலாமே."

தட்டினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

சூப்பு கொதித்தது. கடிகாரம் ஓடியது. எக்கர் சிரித்தபடி திரும்பினார்.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

துருவில் துரு உரசும் சத்தம். அவசரமில்லாமல். பிறகு கதவின் மேல் இடுக்கில் ஏதோ அசைந்தது. துணி. ஈரத்துணி. அவள் எரித்த துணி. உள்ளே இழுபட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. நூமா எப்போதும் அப்படித்தான் எடுப்பான்.

எக்கரின் விரல் இன்னும் மடங்கியபடியே நின்றது. சிரிப்பும் முகத்திலேயே நின்றது. கொராலியின் கையிலிருந்து கூஜா விழுந்தது.

கதவு உள்பக்கமாக ஒரு சாண் திறந்தது.

இருட்டு. சூடான, இனிப்பான காற்று. அதிலிருந்து ஒரு கை வந்தது. முட்டியில் தோல் இல்லாத கை. வெளிச்சுவரைத் தடவியது. காகிதப்பூக்களைத் தடவியது. எக்கரின் சட்டையைத் தொட்டது. நின்றது. இவர்கள் இன்னும் போகவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

கை மெல்லச் சுவருக்குத் திரும்பியது. தட்டியது.

ஒன்று. இரண்டு.

பதிலுக்குக் காத்திருந்தது.

எர்மீன் மேசைக்குப் போனாள். கைப்பிடி மில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் ஒரு கொட்டைகூட இல்லை. கரகரவென்று சுற்றத் தொடங்கினாள்.