சத்தம் பதியாத கார்டு

கம்ப்யூட்டர் கடைக்குள் ஈயம் உருகும் வாசனை அடித்தது. கடைக்காரம்மா இரண்டு கார்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டருக்குள் செருகிவிட்டால் வீட்டுக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் பதிந்து வைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களும் போனில் பார்க்கலாம்.

"இது படம் மட்டும். அதுல சத்தமும் பதியும். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குன்னா சத்தம் இருக்கிறதுதான் நல்லதுங்க. கூப்பிட்டா கேக்கணுமில்ல?"

"படம் போதும்," என்றான் குட்டி, யோசிக்காமல்.

நாற்பத்தாறு வயது, பாதி வழுக்கை. இருந்தும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அவன் குட்டிதான். வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவன். அம்மா இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் துணி மாற்ற வேண்டும், அந்த வேலை அவனுக்கு எட்டிக்காய். அதனால் காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், அவ்வளவுதான். நடுவில் அவள் கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் நச்சரிப்பால்தான் கேமராவே வந்தது. சத்தமும் அவளுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கார்டு மாட்டிய அன்றே அக்கா போன் செய்தாள். "அம்மா உதடு அசையுதேடா, என்ன சொல்றாங்க?"

"பாடறாங்கக்கா. பழைய பாட்டெல்லாம் ஞாபகம் வருது போல."

அக்கா சந்தோஷத்தில் அழுதாள். பாவி, அவனும் கூடச் சேர்ந்து மூக்கை உறிஞ்சினான்.

கோடையில் ஒரு மத்தியானம் அந்த உதடுகள் நின்றுபோயின. டாக்டர் வயதைக் காரணம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே குட்டி தன் மேசையையும் கம்ப்யூட்டரையும் அம்மாவின் அறைக்கு மாற்றிக்கொண்டான், அங்கேதான் நல்ல காற்று வரும் என்று. அக்கா, "அம்மா பாடின பதிவெல்லாம் அனுப்புடா, முகத்தையாவது பாத்துக்கறேன்," என்று கேட்டாள். பதிவுகள் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிட்டு நிம்மதியாக வரைய உட்கார்ந்தான்.

வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் ஈ காக்கை இல்லை.

காய்ந்த நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் சின்னச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"குட்டி... ஒரு வாய்..."

கேமராவின் படத்தைத் திறந்தான். அதில் அவனுடைய முதுகு தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் மெத்தை எடுத்துவிட்ட வெறுங்கட்டில் கிடந்தது. கேமராவில் மைக் கிடையாது. கார்டில் ஒலி வயர் செருகத் துளையே கிடையாது.

அப்போதும் அவனுக்கு அம்மா ஞாபகம் வரவில்லை. அக்காதான் ஞாபகத்துக்கு வந்தாள், அவளுக்கும் இது கேட்டிருக்குமோ என்று. அவளுக்கு அனுப்பியதில் ஒன்றைத் திறந்து பார்த்தான்.

"தண்ணி... குட்டி, தண்ணி..."

அடுத்து அவனுடைய குரலே கேட்டது. "கத்து. நல்லாக் கத்து. யாருக்குக் கேக்கப்போகுது?"

கம்ப்யூட்டரை நிறுத்தினான். பெட்டியைத் திறந்து, வயர்களைப் பிடுங்கி, திருகாணியைக் கழற்றி, கார்டை வெளியே இழுத்தான். அது ஈரமாக இருந்தது.

போன் அடித்தது.

"எல்லாத்தையும் கேட்டேன்டா," என்றாள் அக்கா. குரலில் அழுகை இல்லை.

"கார்டுல ஏதோ கோளாறுக்கா," என்று கிசுகிசுத்தான். "கழட்டிட்டேன். கையிலதான் வச்சிருக்கேன்."

"தெரியுது. இடது கையில."

குட்டி திரையைப் பார்த்தான். அது இருண்டு கிடந்தது. பிடுங்கிய கேமரா வயர்கள் தரைவரை தொங்கின.

"அக்கா... எப்படி..."

"திரும்பாதே."

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. பின்னால் கட்டில் ஒருமுறை முனகியது.

"கட்டில்ல உக்காந்திருக்காங்க," என்றாள் அக்கா மெதுவாக. "உன்னையேதான் பாக்கறாங்க."

"அக்கா, நீ சொன்னா அம்மா கேப்பாங்க. சொல்லுக்கா. தப்புதான், உன் கால்ல வேணும்னாலும் விழறேன்..."



"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கப்போறேன் குட்டி. சத்தத்தை மட்டும் நிறுத்திடறேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால், இரண்டு வருடமாகத் தரையைத் தொடாத கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.