பத்து மணிக்கு அந்நிய முதலீடு

காலை ஏழு மணி பத்து நிமிடம்.

மோல்டிங் ஷெட்டிலிருந்து அந்த அலறல் கிளம்பியது.

ஒரு பெண்ணின் அலறல். கம்ப்ரஸரின் இரைச்சலையும் அது கிழித்தது.

ஏழாம் நம்பர் இயந்திரத்தின் அடியில் ஒருவர் கிடந்தார். மார்பின் மேல் முந்நூறு கிலோ எஃகு. மோல்டின், அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சின், ஒரு பாதி.

மறுபாதி மேலே, கிரேன் கொக்கியில்... மெல்ல ஆடிக்கொண்டிருந்தது!

செத்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் யாரும் அதைச் சொன்னதில்லை. மைக்ரான் என்பார்கள். மருந்து பாட்டில் மூடிகளுக்கு அச்சு செய்கிறவர். ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் அச்சைத் திரும்பச் செய்யச் சொல்கிறவர்.

அலறியவள் அவர் மனைவி. அதே தொழிற்சாலையில் மூடிகளைச் சரிபார்க்கிறவள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது தொழிலாளர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

முதலாளி கைகூப்பினார்.

"சார், ஒரே ஒரு உதவி. பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. கையெழுத்து போடற நாள். அதுவரைக்கும் இந்த ஷெட்டை மட்டும் சாத்தி வெச்சுக்கலாமா?"

"பொணத்தை உள்ள வெச்சா?"

"விபத்துதானே சார்..."

"அதை நான் சொல்லணும். நீங்களே சொல்லிட்டா நான் வீட்ல தூங்கியிருப்பேனே!"

முதலாளி கூப்பிய கையை இறக்கினார்.

"எவ்வளவு விக்கறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முக்கால் பங்கு."

"ஏன், அவங்க ஊர்ல எடம் இல்லையா? நம்மளைத் தேடி வர்றாங்களே!"

"நிலம் அரசாங்கம் சும்மா தருது சார். பத்து வருஷம் வரி கிடையாது. அங்க ஒருத்தனுக்குத் தர்ற சம்பளத்துல இங்க எட்டுப் பேரு. பக்கத்துலயே துறைமுகம். அப்புறம்... இவன்." முதலாளி கீழே பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். "இவன் கை. மைக்ரான் மூணு வருஷம் கூட இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே கேட்டாங்க."

"அப்ப இவரு செத்ததுல உங்களுக்குத்தான் நஷ்டம்."

"பின்னே!"

"நஷ்டமாம் நஷ்டம்!"

தூணோரமாக நின்றவன் பேசினான். செத்தவரின் மச்சான். மனைவியின் தம்பி. இங்கேயே வேலை; தொழிற்சங்கச் செயலாளர். கண்கள் சிவந்திருந்தன.

"பேப்பர்ல நியூஸ் வந்த அன்னைக்கே வீட்டு வாடகை ஒண்ணரை மடங்கு. எதிர்ல அட்டைப்பெட்டி கம்பெனிக்கு ஆர்டர் கட். பெட்டி இனிமே கப்பல்ல வருமாம். லாபம் கப்பல்ல போகுமாம். கோடி கோடியா கொட்டப் போறாங்கன்னீங்களே, யாரு தலையில?"

"புது ஷெட்ல அறுநூறு பேருக்கு வேலைடா!"

"மெஷினுக்கு வேலை!"

"கூட்டத்தை கேட்ல வெச்சுக்கங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க ஒருத்தர் செத்துக் கிடக்கறார்."

முதலாளி மெதுவாக அந்தப் பெண்ணிடம் போனார். கையில் ஒரு தாள்.

"ஒரு கையெழுத்து போடும்மா. கவனக்குறைவால விபத்துன்னு. இழப்பீடு நான் வாங்கித் தர்றேன். உனக்கு ரிட்டையர் ஆகற வரைக்கும் வேலை நிச்சயம்."

அவள் நிமிர்ந்தாள்.

"கவனக்குறைவா? அவரா? எங்க வீட்டுக்கு மொத மொதல்ல வந்தப்பவே ஜன்னல் கோணல்னு ஸ்கேல் வெச்சுக் காட்டின மனுஷன்!"

"அம்மா..."

"இதுல நான் கையெழுத்து போட்டா நாளைக்கு ஊரே சொல்லும், மைக்ரான் பட்டை மாட்ட மறந்து செத்தான்னு. இருபத்திரெண்டு வருஷ பேரு அவருக்கு. அதைக் கொடுக்க மாட்டேன்."

"பட்டைன்னா?" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"மோல்டு ரெண்டு பாதி சார். கிரேன்ல தூக்கறப்ப பிரியாம இருக்க, பின்பக்கமா ஒரு இரும்புப் பட்டை போட்டு ரெண்டையும் சேர்த்துக் கட்டுவாங்க. ரெண்டு போல்ட்டு. நேத்து சாயங்காலம் அவரே மாட்டினாரு. நான் பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பட்டை மூலையில் கிடந்தது.

போல்ட்டுகள்?

மேலே தொங்கும் பாதியில் ஒன்று. மார்பின் மேல் இருக்கும் பாதியில் ஒன்று. இரண்டும் தத்தம் துளையில்!

"பட்டையைக் கழட்டினவன் போல்ட்டை ஏன் திரும்ப முடுக்கணும்?"

"அது அவரு போட்ட சட்டம்," என்றாள். "ஒரு தடவை போல்ட்டு ஒண்ணு மெஷினுக்குள்ள விழுந்து ஆறு மாச வேலை போச்சு. அன்னையிலேர்ந்து, கழட்டின போல்ட்டு தரைக்கும் போகக்கூடாது, பாக்கெட்டுக்கும் போகக்கூடாது. அதோட ஓட்டைக்கே போகணும். அவருகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க கை தூக்கத்துலயும் அதைச் செய்யும்."

"ஏழு மணிக்கு முன்னாடி கேட்டுக்குள்ள வந்தது?"

ஏட்டு கேட் பதிவு நோட்டைப் பார்த்தார். "நாலு பேரு சார். இவரு, இந்தம்மா, தம்பி, முதலாளி. கிரேன் ஆபரேட்டருக்கு இன்னைக்கு லீவாம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எட்டாம் நம்பர் இயந்திரத்தின் அருகே இருந்த வேறொரு மோல்டைத் தட்டினார்.

"முதலாளி, நீங்களும் பழைய ஃபிட்டர்தானாமே! இந்தப் பட்டையைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க. எனக்கு வீட்டு பல்பு மாத்தறதே தகராறு."

முதலாளி ஸ்பானரை எடுத்தார். கழற்றினார். போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாட்டிடுங்க. தம்பி, நீ கழட்டு."

அவன் கழற்றினான். பட்டையைக் கீழே வைத்தான். இடது கையால் முதல் போல்ட்டைத் துளையில் வைத்து, விரலால் மூன்று சுற்று...

நான்காவது சுற்றில் நின்றான்.

"டேய்..." என்றாள் அக்கா.

அவன் திரும்பவில்லை.

"டேய், என்னைப் பாருடா!"

"என் பேரை மொதல்ல எழுதியிருந்தாருக்கா." அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "வெளிநாட்டுக்காரன் வந்ததும் வேலைய விட்டு அனுப்ப நூத்தி நாப்பது பேரு லிஸ்ட்டு. மாமா போட்டுக் குடுத்த லிஸ்ட்டு. மொதப் பேரு என்னுது! சொந்த மச்சானைக் காவு குடுத்துட்டு அவரு மட்டும் மூணு வருஷம் சொகமா..."

"அதுக்காகவா?"

"மைக்ரான் இல்லேன்னா ஒப்பந்தமே இல்லேன்னு சொன்னாங்க. நூத்தி நாப்பது குடும்பம்க்கா! ஒருத்தர் போனா..."

"அந்த ஒருத்தர் யாருடா?"

"எப்படி செஞ்சே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாமா கவனிக்காதப்ப பட்டையைக் கழட்டிட்டேன். நான்தான் கிரேன் பட்டனை அமுக்கினேன். 'பட்டை சரியா இருக்காடா'ன்னு கேட்டாரு. 'இருக்கு மாமா'ன்னேன்." அவன் துளையிலிருந்த போல்ட்டைப் பார்த்தான். "வேற யாரு சொல்லியிருந்தாலும் குனிஞ்சு பாத்திருப்பாரு. நான் சொன்னதால பாக்கல."

அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"லிஸ்ட்டை யாரு காட்டினா?"

"முதலாளி. நேத்து மதியம். மைக்ரான் இல்லேன்னா ஒப்பந்தம் இல்லேன்னு சொன்னதும் அவருதான். கிரேன்காரனுக்கு லீவு குடுத்துட்டேன், காலையில நீயும் மாமாவும் மட்டும்தான்னும் அவருதான் சொன்னாரு."

எல்லோரும் திரும்பினார்கள்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பேப்பரைக் காட்டினேன். ஒரு ஆளுக்கு லீவு குடுத்தேன். இதுல எது குத்தம்? எனக்குத்தானே சார் இப்ப ஒப்பந்தம் போச்சு!"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டரும் மணி பார்த்தார்.

பத்து மணிக்கு இரண்டு கார்கள் வந்தன.

சாம்பல் நிற கோட்டில் ஒரு வெளிநாட்டுக்காரர். கூடவே மொழிபெயர்க்கும் பெண். விஷயத்தைக் கேட்டாள். அவர் காதில் சொன்னாள். அவர் தலையைத் தாழ்த்தி நின்றார். சரியாக ஒரு நிமிடம்.

"அவர் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கறார்," என்றாள். "ஒப்பந்தத்துல எந்த மாத்தமும் இல்லைன்னும் சொல்றார்."

"மாத்தம் இல்லையா?" இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். "மைக்ரான் இருக்கணும்னு கேட்டீங்களாமே!"

"அந்த நிபந்தனையைப் போன வாரமே நீக்கியாச்சே சார். ஆறு மாசமா அவர் வேலை செய்யறதை முழுக்க வீடியோ எடுத்துட்டோம், அதைப் பாத்தே மத்தவங்க கத்துக்கலாம்."

"அவரு லிஸ்ட்டு எழுதிக் குடுத்தப்புறமா?"

அவள் குழம்பினாள்.

"அவர் எழுதலையே! முடியாதுன்னு நேராவே சொல்லிட்டார். இங்க ஒருத்தரை வேலைய விட்டு அனுப்பினாலும் நான் கிளம்பிடுவேன், எல்லாரும் என்கூட வருவாங்கன்னார். நாங்க பயந்துட்டோம். இவரு உயிரோட இருக்கறவரைக்கும்... மன்னிக்கணும், இவரு இங்க இருக்கறவரைக்கும் கையெழுத்து போட முடியாதுன்னு சொன்னோம். முதலாளிதான் 'அவனை நான் பாத்துக்கறேன்'னார். லிஸ்ட்டும் அவரே எழுதினது."

தம்பி தரையில் உட்கார்ந்தான். விலங்கு மாட்ட ஏட்டு குனிந்தபோது தானாகவே இரு கைகளையும் நீட்டினான்.

"மாமா..." என்றான். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதலாளியின் முகத்தில் வியர்வை. முதன்முறையாக.

வெளிநாட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார்.

"கையெழுத்தைப் பன்னெண்டு மணிக்குத் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேக்கறார்," என்றாள் அந்தப் பெண்.

"பன்னெண்டு மணிக்கு முதலாளிக்கு எங்க ஸ்டேஷன்ல கையெழுத்து இருக்குன்னு சொல்லும்மா."

இன்ஸ்பெக்டர் முதலாளியின் தோளில் கை வைத்தார்.

மைக்ரானின் மனைவி எழுந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நேராக வந்து முதலாளியின் எதிரில் நின்றாள்.

"ரிட்டையர் ஆகற வரைக்கும் வேலை நிச்சயம்னீங்களே மொதலாளி... அந்த லிஸ்ட்டுல நான் எத்தனாவது?"