ஆவுடையப்பனின் பங்குப்பல்

காலை பத்து மணிக்கு, நிலவின் குமிழ்நகர் வண்டி நிலையத்தில் நின்றிருந்த ஏழு ஆண்கள் ஒரே சமயத்தில் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு "அம்மா!" என்றார்கள். யாரும் பதறவில்லை. மேல்தளத்துப் புடவைக் கடையில் தள்ளுபடி தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

எட்டாவதாக நின்றிருந்த ஆவுடையப்பன் மட்டும் கன்னத்தைத் தொடவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நம்ம வீட்ல அந்தப் பேச்சே கிடையாது. எம் பொண்டாட்டி கோமதி அம்புட்டுச் சிக்கனம்" என்றார். இதை அவர் ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறார். கேட்டவர்களுக்குப் பல்லோடு சேர்ந்து வயிறும் எரிந்தது.

குமிழ்நகரில் கல்யாணம் என்றால் தாலிக்கு முன்னால் பல். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கடைவாயில் ஆளுக்கொரு பங்குப்பல் பொருத்திவிடுவார்கள். ஒருவர் சொல்லாமல் செலவு செய்தால், செலவின் அளவுக்கு மற்றவர் பல் வலிக்கும். பத்துக் காசு என்றால் எறும்புக்கடி. ஆயிரம் என்றால் அன்றைக்குக் கஞ்சிதான். முன்கூட்டியே கேட்டுச் 'சரி' வாங்கிவிட்டால் வலி கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று இல்லறச் சபை கண்டுபிடித்த வழி இது. அந்தச் சபையில் இருந்த பன்னிரண்டு பேரும் பிரம்மச்சாரிகள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஆவுடையப்பனுக்கு ஒரே ஓர் ஆசை. மின்விசிறி. கூரையில் தொங்கிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடுமே, அந்தப் பூமி விசிறி. குமிழுக்குள் வெப்பம் எப்போதும் இருபத்துநாலு டிகிரி. புழுக்கமும் இல்லை, குளிரும் இல்லை. சத்தமும் இல்லை என்பதுதான் தொல்லை. அந்த அமைதியில் பாவம், மனிதருக்குப் பதினோரு வருஷமாகப் பொட்டுத் தூக்கம் கிடையாது. பூமிச் சரக்குக் கடையில் பழைய விசிறி ஒன்று வந்திருந்தது. விலை நாலாயிரத்து இருநூறு. கோமதியிடம் கேட்டுப் பார்த்தார். "விசிறியா? கிறுக்கு எதுவும் புடிச்சிருக்கா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சொல்லாமல் வாங்கலாமென்றால் அவள் பல் என்னாவது? போன மாதம் முந்நூறு காசுக்கு ஒரு தலையணை வாங்கியதற்கே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் ஊரைக் கூட்டியவள் அவள்.

அதனால் அன்றைக்கு வண்டி பிடித்து, நேரே பல்நுட்பர் எழிலரசியிடம் போனார். "தாயி, எம் பல்லுல இருந்து போற சேதியை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அடைச்சு வைக்க முடியுமா?"

"பாதிப் பேர் இதுக்குத்தான் வாராங்க. வாயைத் தொறங்க."

விளக்கடித்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, இது செத்துப்போயி ஆறேழு வருஷம் இருக்கும். இங்கருந்து ஒண்ணும் போகாது. அங்கருந்து ஒண்ணும் வராது."

"அப்ப, நான் செலவழிச்சா எம் பொண்டாட்டிக்கு வலிக்கே?"

"அத அவங்ககிட்டல்லா கேக்கணும்."

ஆவுடையப்பன் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சந்தோஷம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஒரே ஓட்டமாக ஓடி விசிறியை வாங்கினார். அதை வாசல் மூலையில் மறைத்துவிட்டு, பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். காந்தச் செருப்பைக் கழற்றி ஜோடியாக அடுக்கினார். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினார். "ஏட்டி, உங்கம்மாட்ட பேசி நாளாச்சே, பூமிக்கு ஒரு போன் போடுவமா?" என்றார்.

கோமதி கன்னத்தைப் பொத்தினாள். "ஐயையோ! நாலாயிரத்துக்கு மேல போயிருக்கே!"

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நடிக்காதட்டி! எம் பல்லு செத்து ஆறு வருஷம் ஆச்சாம்!"

கோமதி கையை எடுத்தாள். முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. "ஏழு" என்று திருத்தினாள்.

"பெறகு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இதுக்குப் பல்லு வேற வேணுமாக்கும்! நீங்க செருப்பை அடுக்குனா நூறு. பாத்திரம் கழுவுனா ஆயிரம். எங்கம்மாவுக்குப் போன் போடச் சொல்லுதீங்கன்னா, நாலாயிரத்துக்குக் கொறையுமா?"

இனி மறைத்து என்ன செய்ய? விசிறியைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்தார். இது இன்றைக்கே கடைக்குத் திரும்பப் போகிறது, தூக்கமும் கூடவே போகிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது. கோமதி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சரி, மாட்டுங்க. நீங்க விடிய விடியப் புரளுததுல எனக்கும்தான் தூக்கம் இல்ல."

தங்கமான மனுஷி! இவளிடமா ஒளித்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மொதல்ல இதச் சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள். சுடச்சுட வாழைப்பூ வடை. அதற்காக அவர் சொத்தையே எழுதித் தருவார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"விசேஷம்னு இல்ல. உங்களுக்குப் புடிக்குமேன்னு சுட்டேன்."

ஆனந்தமாக ஒரு கடி கடித்தார். இரண்டாவது கடியில் வாய் நின்றுவிட்டது. செருப்புக்கு நூறு, பாத்திரத்துக்கு ஆயிரம் என்றால், வடைக்கு எவ்வளவு? ஏழு வருஷமாக, ஒரு விசேஷமும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு தடவை இந்த வடையைச் சுட்டுத் தந்திருக்கிறாளே!

ஆவுடையப்பன் கணக்குப் போடத் தொடங்கினார். செத்துப்போன பல் சுளீரென்று வலித்தது.