ஈழத்து அக்காளின் ஓலை

மேற்கு வானத்துச் செம்மை கரைவதற்குள்ளேயே கீழ்த்திசையில் முழுமதி அவசரப்பட்டு எழுந்துவிட, காவிரித்தாய் ஒரு கரையில் குங்குமமும் மறுகரையில் வெள்ளியும் பூசிக்கொண்டு கடலை நோக்கி நடந்த அந்த அந்திப் பொழுதில், அக்கரைக் கோட்டைக்குச் செல்லும் ஓடத்தில் தனியாக அமர்ந்திருந்தாள் அரண்மனையில் ஓலை எழுதும் தில்லையழகி. அவள் நெஞ்சு படபடத்ததைக் கேட்டிருந்தால், என் வாசகக் கண்மணிகளே, உங்களுக்கும் பொறுத்திருக்காது. அரசரின் இரகசிய ஓலைகள் இருக்கும் அறையின் சாவியை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று மறுநாள் காலையில் முடிவாக இருந்தது.

அவள் எழுத்தில் குறை சொல்ல ஒருவருமில்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: அக்காள் அமுதவல்லி வாழ்க்கைப்பட்டிருந்தது பகை நாடான ஈழத்தில். வழக்கப்படி உறவுமுறைகளைச் சபையில் அறிவித்தபோது தில்லையழகி அதை மறைக்கவில்லை. “கடலுக்கு அப்பால் இரத்த உறவு உள்ளவளிடம் சாவியா?” என்று ஒற்றர் தலைவர் கூத்தன் வேளான், அவள் முகத்தைக்கூடப் பாராமல், மறுப்பு எழுதி அனுப்பியிருந்தார். சபை வற்புறுத்தியதால் மறுநாள் அதை அவரே மறுபடி ஆராய்வதாக ஏற்பாடு.

நடு ஆற்றில் ஓடக்காரன் துடுப்பை நிறுத்தி, மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான்.

“அம்மணி, உங்க அக்கா கொடுத்தனுப்பினது. அவங்களை அங்க சிறையில வெச்சிருக்காங்க. நாளைக்குச் சாவி கைக்கு வந்ததும், நம்ம கப்பல் படை என்னைக்குக் கிளம்புதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விட்டுடுவாங்க.”

தாயில்லாத தனக்குத் தலைவாரிப் பூச்சூட்டிய கைகளை நினைத்த மாத்திரத்தில் அவள் கண்கள் நிறைந்தன. மறுகணம் துடுப்பைப் பறித்து ஆற்றில் எறிந்தாள்.

“இனி ஆறு இழுக்கும் வழிதான் நம் வழி. கீழே சுங்கத்துறைக் காவலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லிக்கொள்.”

“அக்கா செத்துப்போனா?”

“ஆயுள் முழுக்க அழுவேன். சொல்ல மாட்டேன்.”

அழுதுகொண்டே ஓலையை நிலவில் பிடித்துப் பார்த்தாள், விரலால் தடவினாள். பிறகு, என்ன ஆச்சரியம், கலகலவென்று சிரித்தாள்.

“யாரையா இதை எழுதிக் கொடுத்தது? என் அக்காள் இருக்கும் தென்னீழத்தில் தாளிப்பனை ஓலையில்தான் எழுதுவார்கள். நாலு விரல் அகலம், பட்டுப்போல் இருக்கும். இது நம்மூர்ப் பனையோலை. அக்காள் நன்றாகத்தான் இருக்கிறாள்.”

ஓடக்காரன் தன் ஒட்டுத்தாடியைப் பிய்த்தெடுத்தான். உள்ளே இளமையும் வெட்கமும் கலந்த முகமொன்று இருந்தது. அவன் விரலை மூடிய துணியை விலக்கியதும் புலி முத்திரை மோதிரம் பளிச்சிட்டது.

“கூத்தன் வேளான், அம்மணி. இதே வகை ஓலையால் எத்தனையோ பேரைச் சோதித்தேன். ஒருவரும் ஓலையைப் பார்க்கவில்லை. அங்கிருந்து வரும் பொய்யைக் கண்டுபிடிக்க அங்கே அக்காள் உள்ள ஒருத்திதான் வேண்டும் என்பது இந்த மண்டையில் உதிக்கவில்லை. சாவி தங்களுடையது.”

“என் அக்காளைச் சிறையில் தள்ளினீரே, அதற்கு?”

“பிழைதான். பொறுத்தருள வேண்டும்.”

தில்லையழகி காவிரி நீரைக் கையில் அள்ளினாள். “இந்தத் தாய்மேல் ஆணை. அக்காளின் ஓலை எது வந்தாலும், நான் பிரிக்குமுன் தங்கள் கையில் தருவேன். ஆனால் அவளுக்கு ஒரே விசாரணைதான்: அந்த ஊரில் ஆண்பிள்ளையே இல்லையா, உனக்கு இன்னும் ஏன் மணமாகவில்லை என்று. அத்தனையையும் தாங்கள் படித்தாக வேண்டும்.”

“படிக்கிறேன்,” என்றான் கூத்தன் வேளான். சற்றுத் தயங்கி, “பதிலையும் நானே எழுதலாமா?” என்றான்.

தில்லையழகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண்மணிகளே, அவள் சிரித்ததை நிலவு பார்த்துவிட்டது.