கழற்றிய பெட்டி

டிவியின் செட்டாப் பெட்டியை நெகேசா கழற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகும் கார்ட்டூன் சேனல் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் சேனல் கேக்குது நெகேசா," என்றான் ஓடிவோர் போனில். கிடாலே நகரக் கடைத்தெருவில், டிவி இணைப்பு தரும் அவர்கள் அலுவலகத்தில் அவன் திரைமுன் உட்கார்ந்திருந்தான். "அதே வீடு. அதே கார்ட்டூன்."

பழைய கேபிளில் எல்லாச் சேனலும் மொத்தமாக வந்து கொட்டும். இது இணையத்தில் வரும் படம். வீட்டுப் பெட்டி கேட்டால்தான் அலுவலகம் அனுப்பும். இங்கே ஏதோ ஒன்று மூன்று வாரமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி, வஃபூலாவின் அம்மா, பார்க்கும் செய்தி உறைந்து உறைந்து நின்றது. இது மூன்றாவது புகார். இன்றும் சரியாகாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி நெகேசாவிடம் சொல்லிவிட்டார்.

"பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக் குடுத்திருக்கீங்களாம்மா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உப்பே கடன் குடுக்க மாட்டேன், ஒயரைக் குடுப்பேனா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இருக்கறது நான் ஒருத்தி. மொம்பாசாவுல லாரி ஓட்டுற என் பையன் வஃபூலாவா இங்க வந்து கார்ட்டூன் பாக்கறான்?"

எரிச்சலோடு நெகேசா பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு அலமாரியை நகர்த்தினாள். மண்டாசிப் பணியாரம் பொரியும் வாசத்துக்கு அடியில், மூடிய கிணற்றைத் திறந்ததுபோல் ஓர் ஈர வாசம் மெல்ல எழுந்து அவள் தொண்டையில் படிந்தது. அங்கே சுவரில் அவள் போன வருடம் போட்ட துளை இருந்தது. பிற்பாடு இரண்டாவது டிவி வாங்குவார்கள் என்று, இரண்டு மீட்டர் ஒயரைச் சுருட்டிச் சுவருக்குள் திணித்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். திணித்தது அவளேதான்.

இழுத்தாள். சுருள் தளர்ந்து வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. விறைப்பாக நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். ஒரு விரற்கடை வந்தது. மெதுவாகத் திரும்ப உள்ளே போனது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அப்பால் அறை இல்லை. மழை. நாலு மாடி கீழே வாழைப்பழ வண்டிகள்.

ஒயரை வெட்டினாள்.

வெட்டிய முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. கைமாற்றிக் கைமாற்றி யாரோ இழுப்பது போல, விட்டு விட்டு.

"நின்னுடுச்சு," என்றான் ஓடிவோர். "பொழச்ச. முதலாளிக்குச் சொல்லிடறேன்."

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"படம் வருதாம்மா?" சமையலறையிலிருந்து.

"இரு," என்றான் ஓடிவோர். "மறுபடி கேக்குது."

"என்ன சேனல்?"

"சேனல் எதுவும் காட்டல. சும்மா கேக்குது."

துளையிலிருந்து செம்பு முனை வெளியே வந்தது. சுவரைத் தடவியது. இடப்பக்கம். வலப்பக்கம். பெட்டியைத் தொட்டது. விட்டது.

அவள் மணிக்கட்டைத் தொட்டது.

அவள் ஒயர் சுருட்டும் அதே ஒழுங்கில் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு.

பிறகு, துளையை நோக்கி விறைத்தது.